வழிமொழிய ஆள் இல்லாத தீர்மானம்

— தாயி, தலைவர் பேசிக்கிட்டு இருக்கும்போது உறுப்பினர் குறுக்க பேசக் கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்கு.

— காலையிலேர்ந்து தலைவரே பேசிக்கிட்டு இருந்தா உறுப்பினர் எப்பப்பா பேசுறது?

— கைய தூக்கணும். தலைவர் பார்ப்பாரு. பார்த்துட்டு, ‘உறுப்பினர் சுகிர்தா பேசலாம்’னு சொல்லுவாரு. அப்புறம் பேசணும்.

— தூக்கிட்டேன்.

— தலைவர் இன்னும் பார்க்கலை.

— அப்பா, அக்கா கை உங்க மூக்குக்கு நேரா இருக்கு.

— ஏலே ஸ்ரீராமு, உனக்கு யாரு பேச அனுமதி குடுத்தா? நீயும் கைய தூக்கு.

— டென்ஷன் ஆகாதீகப்பா. இருக்கிறதே மூணு டைரக்டர். நீங்க, அக்கா, நான். மூணு பேரும் ஒரே வீட்டுல பல்லு விளக்கிட்டு இந்த பேக்டரி ஆபீசுக்கு வந்திருக்கோம். பார்லிமென்ட் மாதிரி நடத்துறீக.

— நீ பேசாத. தீபாவளிக்கு ஒரு தடவ மதுரையிலேர்ந்து பஸ் ஏறி வந்து, பட்டாசு டப்பாவைத் தூக்கிட்டுப் போற ஆளுக்கு இங்கன நாற்காலி போட்டதே பெருசு.

— பொங்கலுக்கும் வர்றேன்க்கா. கணக்குல விட்டுட்ட.

— அமைதி. சபை அமைதி காக்கணும்.

— சபையில வேற யாருப்பா இருக்கா? சுவத்துல அம்மா போட்டோ மாட்டியிருக்கு. அவகளும் அமைதியாத்தான் இருக்காக.

— அவளாவது தலைவருக்குக் கட்டுப்படுறா. சரி, முதல் பொருள். எளுதிக்கோ தாயி. நம்ம சுப்புத்தாய் ஃபயர் ஒர்க்ஸ் லைசென்ஸ் இப்ப சங்கரலிங்கமாகிய என் பேர்ல இருக்கு. எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாச்சு. இனிமே பேக்டரி பக்கம் ஓடியாடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. லைசென்ஸை வேற ஆளு பேருக்கு மாத்தணும். நாக்பூர் வெடிமருந்து ஆபீசுக்கு அனுப்பத் தீர்மானம் வேணும்னு ஆடிட்டர் சிவபாண்டி கேக்குறாரு. முன்மொளிஞ்சவரு கையெளுத்து, வளிமொளிஞ்சவரு கையெளுத்து, தலைவர் கையெளுத்து. இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் செல்லாது.

— அதுக்குத்தான நான் கைய தூக்குனது. லைசென்ஸை என் பேருக்கு மாத்தணும்னு...

— உக்காரு. தலைவர் ஏற்கெனவே ஒரு தீர்மானத்தைச் சபை முன்னால வச்சிட்டாரு. லைசென்ஸ் ஸ்ரீராம்குமார் பேருக்கு மாறணும். அது முடியாம அடுத்ததை எடுக்க முடியாது.

— தலைவர் தீர்மானம் கொண்டு வரக் கூடாதுப்பா.

— எவன் சொன்னான்?

— நீங்கதான். கம்பெனி ஆரம்பிச்சப்ப நீங்களே உக்காந்து எழுதின விதி. முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய இன்னொருத்தர், தலைவர் ரெண்டும் செய்யக் கூடாது.

— அது உங்க சித்தப்பனை அடக்குறதுக்கு எளுதினது. அந்தப் பய தலைவரா உக்காந்துக்கிட்டு, அவனே முன்மொளிஞ்சு, அவனே கை தட்டி, எனக்கு வச்ச வடையையும் அவனே தின்னுட்டுப் போயிருவான்.

— சித்தப்பாவுக்கு எழுதினது அப்பாவுக்குச் செல்லாதா?

— செல்லும். யாரு இல்லைன்னா. ஏலே ஸ்ரீராமு, நீ முன்மொளி.

— என் பேரை நானேவா?

— அதுக்குத் தடை இல்ல. எந்திரி. சட்டைய இளுத்து விடு. ‘தலைவர் அவர்களே, இந்தக் கம்பெனியின் பட்டாசு லைசென்ஸை என் பேருக்கு மாற்ற வேண்டும் எனும் தீர்மானத்தை முன்மொளிகிறேன்’. அம்புட்டுத்தான். ‘எனக்கு என்ன தோணுதுன்னா’, ‘மாத்தினா நல்லாருக்கும்’, இதெல்லாம் தீர்மானத்துல வரக் கூடாது. தீர்மானம்னா வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டுன்னு இருக்கணும்.

— தலைவர் அவர்களே, சிம்பிளா சொன்னா...

— சிம்பிளாச் சொல்லாத. நான் சொன்னபடி சொல்லு.

— தலைவர் அவர்களே, இந்தக் கம்பெனியின் பட்டாசு லைசென்ஸை என் பேருக்கு மாற்ற வேண்டும் எனும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். பசிக்குதுப்பா.

— பசி தீர்மானத்துல சேராது. ஆனா நல்லாச் சொன்னலே. பார்த்தியா தாயி, குரலைப் பார்த்தியா. பிறவி மொதலாளி.

— கிளிப்பிள்ளை கூட ஒப்பிக்கும். படிச்சு முடிச்ச கையோட இந்த பேக்டரிக்குள்ள வந்தவ நான். எந்த செட்டுல என்ன மருந்து இருக்கு, எந்தக் கதவு சரியா மூடாது, யாருக்கு மருந்து நெடி ஆகாது, அம்புட்டும் எனக்குத் தெரியும். இவனுக்கு நம்ம பேக்டரி ஆமத்தூருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னே தெரியாது. கேளுங்க.

— கூகுள்ல போட்டா கரெக்டா வந்துரும்க்கா.

— போனை கேட்டுலயே வாங்கி வச்சிருவாகலே. பட்டாசு ஆலைக்குள்ள போன் கொண்டாரக் கூடாதுன்னாவது தெரியுமா?

— அதான் காலையிலேர்ந்து கை நடுங்குது.

— உறுப்பினருங்க ஒருத்தரை ஒருத்தர் ஏசக் கூடாது. ஏசுறதுன்னா தலைவரைப் பார்த்துத்தான் ஏசணும். அதான் முறை. இப்ப தீர்மானம் சபை முன்னால இருக்கு. வளிமொளியிறது யாரு? தாயி?

— என்னைய ஏன்ப்பா பார்க்குறீக?

— வேற யாரைப் பார்க்க? முன்மொளிஞ்சவன் வளிமொளியக் கூடாது. தலைவர் வளிமொளியக் கூடாது. மிச்சம் நீதான்.

— மாட்டேன்.

— உங்க அம்மா இருந்த வரைக்கும் இந்தக் கம்பெனியில ஒரு தீர்மானம் வளிமொளிய ஆளில்லாம நின்னதில்ல. அப்பக் கூட்டம் நம்ம வீட்டுலதான். நான் சொல்லி வாய மூட மாட்டேன், அடுப்படியிலேர்ந்தே குரல் வரும். ‘வளிமொளிஞ்சாச்சு, சாப்பிட வாங்க’ம்பா.

— என்ன தீர்மானம்னு கேட்டுக்கிட்டாகளா?

— கேக்க மாட்டா. அதான் கம்பெனி வளந்துச்சு.

— அம்மா பேர்ல கம்பெனி. அம்மா ஒரு நாள் இந்த கேட்டுக்குள்ள கால் வச்சதில்ல. வெடிச் சத்தம் கேட்டாக் கட்டிலுக்கு அடியில போயிருவாக. நல்லா வளந்துச்சு.

— சரி, வளிமொளிய ஆளில்லாததால இந்தத் தீர்மானம் அப்படியே நிக்கிது. செத்துப் போகலை, நிக்கிது. உன் தீர்மானத்தைச் சொல்லு, கேட்டு வைப்போம்.

— தலைவர் அவர்களே, லைசென்ஸை சுகிர்தா பேருக்கு மாற்ற வேண்டும், வேப்பமரத்தடியில நடக்கிற வேலையை இன்னைக்கே நிறுத்த வேண்டும் எனும் தீர்மானத்தை முன்மொழிகிறேன்.

— தள்ளுபடி. ஒரு தீர்மானத்துக்குள்ள ஒரு விசயந்தான் இருக்கணும். நீ ரெண்டைக் கட்டிக் கொண்டாந்துட்ட.

— சரி, வாபஸ் வாங்கிட்டுத் திருத்திச் சொல்றேன்.

— வாங்கிக்கோ. இன்னும் யாரும் வளிமொளியலை, அதனால வாங்கலாம். வளிமொளிஞ்சிட்டா அப்புறம் மூணு பேரும் சம்மதிச்சாத்தான் வாபஸ். முன்மொளிஞ்சவன் தன் தீர்மானத்தையே எதிர்த்து ஓட்டுப் போடவும் கூடாது.

— இதுவும் சித்தப்பாவுக்காக எழுதினதா?

— அவனுக்கே அவனுக்காக எளுதினது. காலையில ஒரு தீர்மானம் கொண்டாருவான். மத்தியானம் மாமனார் வீட்டுல சாப்பிட்டு வந்து, அதையே எதிர்த்து ஓட்டுப் போடுவான்.

— லைசென்ஸை சுகிர்தா பேருக்கு மாற்ற வேண்டும் எனும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். மரத்தடியை அடுத்ததாக் கொண்டாரேன்.

— யாருலே வளிமொளியிறது? ஸ்ரீராமு?

— நான் எப்படிப்பா? எனக்குத் தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் ஆர்டர் இருக்கு. பெங்களூர்க்காரன் லாரி லாரியாக் கேட்டிருக்கான். அக்கா பேர்ல லைசென்ஸ் போச்சுன்னா மரத்தடியைக் காலி பண்ணிரும். அப்புறம் என் பாக்ஸுக்கு யாரு திரி சொருகுவா?

— கேட்டுக்கோங்கப்பா. அவன் வாயாலயே சொல்றான். அந்தா சன்னல் வழியாப் பாருங்க. ஒரு செட்டுக்குள்ள நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதுங்கிறது சட்டம். செட்டுல இடம் இல்லாத ஆளுகளையெல்லாம் வேப்பமரத்தடியில உக்கார வச்சிருக்கீக. மடியில வெடியை வச்சுக்கிட்டுத் திரி சொருகுறாக. ஒருத்தர் கையில பத்திக்கிட்டா அடுத்த ஆளுக்குத் தடுக்கச் சுவர் கூட இல்ல.

— காத்தோட்டமா இருக்குன்னு அவுகளே போய் உக்காருறாக.

— கட்டுக்கு இவ்வளவுன்னு கூலி. அவுக உக்காரத்தான் செய்வாக. உக்காரக் கூடாதுன்னு நாமதான் சொல்லணும். போர்மேன் ஊர்க்காவலண்ணன்கிட்ட நான் சொல்லாத நாள் இல்ல. ‘மொதலாளி சொல்லட்டும் தாயி’ங்கிறாரு. லைசென்ஸ் யார் பேர்லயோ அவர்தான் அவருக்கு மொதலாளி. அதுக்குத்தான் என் பேர்ல கேக்குறேன். நாற்காலி ஆசையில இல்ல.

— ஊர்க்காவலனை ஏசாத. அவன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன், இனிமே ஸ்ரீராமுதான் மொதலாளின்னு.

— என்கிட்ட சொல்றதுக்கு முந்தி போர்மேன்கிட்ட சொல்லியாச்சு. அப்புறம் இந்தக் கூட்டம் எதுக்கு?

— முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

— ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எனக்கு ஏன் கிடையாது? பொம்பளைங்கிறதுனாலயா?

— ஆமா.

— என்ன?

— ஆமா, பொம்பளைங்கிறதுனாலதான். எளுதிக்கோ.

— எழுதிட்டேன். நல்லாக் கொட்டை எழுத்துலயே எழுதிட்டேன். எனக்கு இது புதுசில்லப்பா. யுனிவர்சிட்டியில கெமிஸ்ட்ரிக்கு மெடல் குடுத்தாக. ஊர்ல உள்ள அப்பனெல்லாம் கூட்டத்துல உக்காந்திருந்தான். எங்க அப்பா பாட்னாவுக்கு ஆர்டர் பிடிக்கப் போயிட்டாரு. திரும்பி வந்து ஒரு பட்டுச்சேலையைத் தூக்கிப் போட்டாரு, பாட்னாவுல வாங்குனதுன்னு. அன்னைக்கே எனக்குத் தெரியும், இந்த வீட்டுல என் இடம் எதுன்னு.

— தாயி, அதை இங்கன இளுக்காத. நிகழ்ச்சி நிரல்ல இல்ல.

— அக்கா, ஓவர் ஃபீலிங்ஸ் வேண்டாம். லைசென்ஸ் என் பேர்ல இருந்தா என்ன, நீதான நடத்தப் போற. நான் வெப்சைட்டுல ஒரு போட்டோ போட்டுக்கிறேன். கோட்டு போட்டு, கைய கட்டி. ‘மேனேஜிங் டைரக்டர் ஸ்ரீராம்குமார்’. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கும்போது ஒரு கெத்து வேணாமா?

— நான் கிளம்புறேன். என் கையெழுத்து இல்லாம எதுவும் நாக்பூருக்குப் போகாது. நாளைக்கு சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கிறேன். லைசென்ஸ் என் பேருக்கு வேணும்னு நானே கேக்குறேன். உங்க தீர்மானத்தை நீங்களும் உங்க பிறவி மொதலாளியும் வச்சுக்கோங்க.

— போ. போய்க் குடு. குடுத்துட்டு வீட்டுக்கு வந்து ஜெயிலுக்குத் துணி எடுத்து வை.

— என்ன சொன்னீக?

— காது கேக்கலையா? அந்த மரத்தடியில ஒரு பொறி விளுந்தா போலீஸ் யாரைத் தேடும்? திரி சொருகுனவளையா? ஆர்டர் எடுத்தவனையா? லைசென்ஸ்ல எந்தப் பேரு இருக்கோ, அதைத்தான் தேடும். நீ கெமிஸ்ட்ரி படிச்சவளா, மெடல் வாங்குனவளான்னு பார்க்காது. ஜீப்புல ஏத்தும்.

— அப்பா, ஒரு நிமிசம்.

— நீ இருலே.

— இல்லப்பா, ஒரே ஒரு டவுட்டு. இப்ப லைசென்ஸ்ல யார் பேரு வரப் போகுதுன்னு சொன்னீக?

— உன் பேருதான்.

— ஜீப்புல?

— நீதான்.

— அப்பா, நான் உங்களுக்கு ஒரே பையன்ப்பா.

— அவளும் எனக்கு ஒரே பொண்ணுதாம்லே. உனக்கு என்ன, எங்கன படுத்தாலும் தூங்குற பய. உங்க அம்மா செத்தன்னைக்கு ஒப்பாரிக்கு நடுவுல தூங்கினவன். ஜெயில் உனக்கு ஒண்ணும் பண்ணாது. இவளுக்கு ஒரு கொசு கடிச்சா மொகமே வீங்கிரும். உள்ள எம்புட்டுக் கொசு தெரியுமா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— என்ன தாயி?

— உள்ள எம்புட்டுக் கொசு இருக்கும்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?

— நீ கிளம்புறேன்னு சொன்னியே, கிளம்பு.

— நம்மகிட்ட திரி சொருகுற பாலம்மாக்கா புருசன் மணிமுத்தண்ணன் இங்கன வெடிச்சுச் செத்த வருசம். நான் ஹாஸ்டல்ல இருந்தேன். போர்மேனை மட்டும் உள்ள வச்சிருக்காகன்னு அம்மா சொன்னாக. நீங்க பாட்னாவுல இருந்தீக.

— பாட்னாவை நான் காலண்டர்ல கூடப் பார்த்ததில்ல. மதுரை ஜெயில்ல இருந்தேன். ஊர்க்காவலன் பக்கத்து அறையில. உங்க அம்மா உன் மெடல் போட்டோவை எடுத்துக்கிட்டு ஜெயிலுக்கு என்னைய மனுப் பார்க்க வந்தா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு தூக்கித் தூக்கிக் காட்டுறா. எனக்குக் கண்ணாடி இல்ல, மங்கலாத் தெரியுது. காவலுக்கு நின்ன வார்டன் பார்த்துட்டு, ‘பொண்ணு நல்லாச் சிரிக்குது பெரியவரே’ன்னான். சரி, நல்லாத்தான் சிரிக்கிறா போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

— அந்தச் சேலை?

— மதுரை விளக்குத்தூண்ல உங்க அம்மா வாங்குனது. பாட்னாக்காரன் பச்சையில மஞ்ச பார்டர் போட மாட்டான்னு நீ கேட்டப்பவே எனக்கு வேர்த்துருச்சு.

— பொம்பளைங்கிறதுனாலன்னு சொன்னீகளே.

— என்னைய வெறுத்துட்டுப் போயிருவன்னு நினைச்சேன். அது ஜெயிலுக்கு வெளிய இருந்து வெறுக்கிறது. பரவாயில்ல.

— பரவாயில்லையா? உங்களுக்கு எல்லாமே பரவாயில்லைதான். ஜெயிலுக்குப் பொண்ணை அனுப்பலாமா பையனை அனுப்பலாமான்னு கூட்டம் போட்டு, விதி பார்த்து, தீர்மானம் கொண்டாறீக. மணிமுத்தண்ணனை எங்க அனுப்பினோம்? அதுக்கு எந்தக் கூட்டத்துல தீர்மானம் போட்டீக? இன்னைக்கு அவரு பொண்டாட்டி அதே மரத்தடியில உக்காந்திருக்கு. வெடிச்சா யாரு உள்ள போறதுன்னு பேசுற ஆளு, வெடிக்காம இருக்க என்ன செய்யணும்னு பேச மாட்டேங்கிறீக.

— பேசித் தாயி, என்ன ஆகப் போகுது? செட்டுக்கு நாலு பேரை வச்சு எவனும் சீசனை ஓட்ட முடியாது. நான் நிறுத்தினா அடுத்த பேக்டரி மரத்தடிக்கு அதே ஆளுக போவாக.

— என் பேர்ல குடுங்க. நான் ஓட்டிக் காட்டுறேன். மரத்தடியில ஒரு ஆள் உக்காராது.

— உன்னால முடியாது.

— ஏன்?

— போன சீசன்ல பாலம்மா, மக செல்வலட்சுமி கல்யாணத்துக்குக் கூலி பத்தலைன்னு வந்து நின்னுச்சு. ‘சரிக்கா, இந்த ஒரு வாரம் மட்டும் மரத்தடியில உக்காந்துக்கோங்க’ன்னு சொன்னது யாரு?

— அது... அவுக அழுதாக.

— அளத்தான் செய்வாக. உனக்கு மனசு எளகத்தான் செய்யும். எனக்கும் எளகும். மணிமுத்துக்கும் அன்னைக்கு நான்தான் எளகுனேன். ‘மொதலாளி, இந்தக் கட்டை முடிச்சிருறேன்’னான். சரிலேன்னுட்டு வந்து இந்த நாற்காலியில உக்காந்தேன். உக்காந்து டீயைக் கையில எடுக்கல, அதுக்குள்ள வெடிச்சிருச்சு.

— அப்பா. அக்கா. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க. அங்கன மரத்தடியில எம்புட்டுப் பேரு உக்காந்திருக்காக பாருங்க. வரிசை கோயில் அன்னதானம் மாதிரி போகுது.

— அதைத்தான்லே காலையிலேர்ந்து நான் கத்துறேன்.

— ஊர்க்காவலண்ணே. ஏ, ஊர்க்காவலண்ணே. இங்க சன்னலைப் பாருங்க. நான்தான், ஸ்ரீராம். மரத்தடியில உள்ள எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லுங்க. இப்பவே. வெடியைக் கீழ வச்சிட்டு மெதுவா எந்திரிக்கச் சொல்லுங்க.

— ஏலே, என்னலே பண்ணுற? உன் பெங்களூர் ஆர்டர் என்ன ஆகுறது?

— பெங்களூர்க்காரன் ஜெயிலுக்கு மனுப் பார்க்க வருவானாப்பா? ஆர்டர் கேன்சல்.

— எந்திரிக்கிறாக. அப்பா, பாருங்க, எந்திரிக்கிறாக. நான் சொன்னப்ப ஒரு ஆள் அசையலை.

— பாலம்மாக்கா மட்டும் எந்திரிக்கலை. கையெடுத்துக் கும்புடுது.

— இந்தக் கட்டு முடியப் போகுதுன்னு கும்புடுறாகலே. மடியில பாரு தம்பி, கொஞ்சந்தான் மிச்சம். பாவம், எடுத்து வச்சதை மட்டும் முடிச்சிட்டு...

— கிடையாது. ஏ பாலம்மாக்கா, ஒரு திரி கூடக் கிடையாது. நீங்க கும்புட்டாலும் சரி, அழுதாலும் சரி. எனக்குப் பயமா இருக்கு. எந்திரிங்க. அண்ணே, அந்த அக்காவை எந்திரிக்கச் சொல்லுங்கண்ணே, எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது.

— போனு இல்லாமலா நடுங்குது?

— விளையாடாதக்கா. அந்தா, எந்திரிச்சிருச்சு. நாளைக்கு முதல் வேலையா அந்த மரத்தைச் சுத்தி முள்வேலி போடச் சொல்லணும். மரம் வேண்டாம். மரத்தையே வெட்டிரச் சொல்லணும்.

— சீசன்ல ஆளுகளை எளுப்பி விடுறான், ஆர்டரைக் கேன்சல் பண்ணுறான், மரத்தை வெட்டுறேங்கிறான். இவனுக்கா லைசென்ஸ் கேட்டேன். சரி, தலைவர் அந்தத் தீர்மானத்தை வாபஸ் வாங்குறாரு.

— தலைவர் கொண்டு வராத தீர்மானத்தைத் தலைவர் வாபஸ் வாங்க முடியாதுப்பா. முன்மொழிஞ்சது இவன்.

— ஆமா, நான்தான. நான் வாங்கிக்கிறேன். எப்படிச் சொல்லணும்? எந்திரிச்சு நிக்கணுமா? நின்னுட்டேன். சட்டையும் இழுத்து விட்டாச்சு. தலைவர் அவர்களே, பட்டாசு லைசென்ஸை என் பேருக்கு மாற்ற வேண்டும் என்று நான் கொண்டு வந்த தீர்மானத்தை...

— இருலே. என் தீர்மானத்தை முதல்ல நான் வாபஸ் வாங்கிக்கிறேன். எழுதியாச்சு. எனக்கும் அப்பாவுக்கும் மனசு எளகும்லே. உனக்குப் பயமா இருக்கு. லைசென்ஸ் உன் பேருக்கே மாறட்டும்.

— அக்கா, வேண்டாம்க்கா. நான் இன்னும் முடிக்கலை. கொண்டு வந்த தீர்மானத்தை வாப...

— வழிமொழிஞ்சாச்சு. சாப்பிட வாங்க.